பழைய ராணுவ ரைபிள்: லாபமா, தலைவலியா?

மோசின்-நகான்ட் ரைபிளைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் குப்பை என்கிறார்கள், ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரு தரப்பும் பொய் சொல்லவில்லை. 1891-இல் ரஷ்ய ராணுவம் ஏற்ற இது கோடிக்கணக்கில் தயாரானது. 2000-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 100 டாலருக்கும் குறைவு. அந்த விலைக்கு வாங்கியவர் கொண்டாடாமல் என்ன செய்வார்?

சிக்கல் பிறகுதான். கிடங்கில் பூசிய கிரீஸ் தோட்டா அறைக்குள் ஒட்டியிருந்தால், சுட்டுச் சூடானதும் போல்ட் (அந்த அறையை மூடித் திறக்கும் கைப்பிடியுள்ள உலோகத் தண்டு) இறுகிவிடும்; உள்ளங்கையால் ஓங்கித் தட்டித்தான் திறக்க வேண்டும். பழைய தோட்டாவின் பிரைமர், அதாவது அடியிலிருந்து தீ மூட்டும் மருந்து, துப்பாக்கிக் குழலில் உப்பைப் படியவிடும். எண்ணெய் அதைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். ஒருநாள் அசந்தால் துரு. குழல் தேய்ந்த துப்பாக்கி வாய்த்தவர் திட்டுவதும் நியாயமே.

விலை ஏறிவிட்ட இன்று, குறி பார்த்துச் சுட மட்டும் என்றால் புது ரைபிளே மேல். சரித்திர ஆசை இருந்தால் வாங்குங்கள், குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு.