பாட்டியின் கையில் பத்து ரூபாய்

கேள்வி: தாம்பரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் மாம்பலம் வந்து, தி.நகரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். நிலையத்து நடைமேம்பாலப் படியோரம் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடங்களாக அவருக்குத் தினமும் பத்து ரூபாய் கொடுத்து வந்தேன். “இதெல்லாம் ஒரு கும்பலின் வேலை. சாயங்காலம் ஒருவன் வந்து மொத்தத்தையும் வாங்கிக்கொண்டு போவான்” என்கிறார் உடன் வேலை செய்பவர். “உன்னைப் போன்றவர்கள் கொடுப்பதால்தான் பிச்சை ஒழிய மாட்டேன் என்கிறது” என்கிறார் என் கணவர். ஒரு மாதமாக நிறுத்திவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை மகளுடன் அந்த வழியாக வந்தபோது, கைப்பேசியைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். “ஏம்மா பாட்டியைப் பார்க்காமல் வந்தாய்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கொடுப்பது சரியா, தவறா?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அன்புள்ள தோழிக்கு,

கொடுங்கள். நாளைக் காலையிலேயே மறுபடியும் ஆரம்பியுங்கள். இரண்டு வருடமாகக் கொடுத்த கை திடீரென்று நின்றுபோனால், தான் என்ன தவறு செய்தோம் என்றுதான் அந்த வயதில் ஒருவர் யோசிப்பார்.

உங்கள் கணவர் சொல்வதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், நாடு முழுவதும் பிச்சையெடுப்போர், நாடோடிகள் என்று பதிவானவர்கள் சுமார் 4.13 லட்சம் பேர். அதே கணக்கெடுப்பில் வீடற்றவர்கள் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். கொடுக்க ஆள் இருப்பதால்தான் பிச்சையெடுக்கிறார்கள் என்றால், தெருவில் கிடக்கும் அத்தனை பேரும் கையேந்தியிருக்க வேண்டும். ஆனால் பெரும்பாலோர் உழைக்கிறார்கள். சென்னை வால்டாக்ஸ் சாலை நடைபாதையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களை ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். வண்டி இழுக்கிறார்கள், மூட்டை தூக்குகிறார்கள், வீட்டு வேலைக்குப் போகிறார்கள். உழைக்க உடம்பும், பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் போகிறவர்தான் கடைசியில் படிக்கட்டுக்கு வந்து சேர்கிறார். உங்கள் பத்து ரூபாயை நிறுத்தினால் அவர் எழுந்து வேலைக்குப் போய்விடப் போவதில்லை.

பிச்சையைச் சட்டம் போட்டு ஒழிக்கும் முயற்சியும் நடந்து பார்த்தாகிவிட்டது. சென்னை மாகாணத்தில் பிச்சையெடுப்பதைத் தடுக்கும் சட்டம் 1945-லேயே வந்துவிட்டது. எண்பது ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டு போய் அடைத்தும் படிக்கட்டுகள் காலியாகவில்லை. டெல்லியில் இதேபோன்ற சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை, அரசமைப்புக்கு முரணானவை என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-ல் ரத்து செய்தது. கொரோனா காலத்தில், 2021-ல், சிக்னல்களில் பிச்சையெடுப்பவர்களைத் தடுக்க வேண்டும் என்று ஒரு மனு வந்தபோது, வேறு வழி இருந்தால் யாரும் பிச்சையெடுக்க விரும்பமாட்டார்கள் என்ற பார்வையோடு உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. நானும் அந்தப் பக்கம்தான்.

இனி, கும்பல் என்ற பேச்சு. குழந்தைகள் விஷயத்தில் உங்கள் நண்பரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். குழந்தையைப் பிச்சைக்குப் பயன்படுத்துவது சிறார் நீதிச் சட்டத்தின்படி ஐந்தாண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். ஆகவே குழந்தை கையில் காசு கொடுக்காதீர்கள். வெயிலில் மயங்கிக் கிடக்கும் கைக்குழந்தையைக் காட்டிக் கேட்பவருக்கும் வேண்டாம். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். ஆனால் அந்தப் பெண்ணைப் பிள்ளை பிடிக்கிறவள் என்று கூட்டம் கூட்டிவிடாதீர்கள். பெரும்பாலும் அது அவள் பெற்ற குழந்தையாகத்தான் இருக்கும். அப்படிச் சந்தேகப்பட்டே அப்பாவிகளை அடித்துக் கொன்றிருக்கிறார்கள் நம் ஊர்களில்.

பாட்டியின் காசை யாரோ வாங்கிக்கொண்டு போகிறானா என்பது எனக்கும் தெரியாது, உங்கள் நண்பருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரே வழி பாட்டியிடம் பேசுவதுதான். ஒருவேளை அவன் மகனாக இருக்கலாம், பேரனாக இருக்கலாம். அப்படி ஒருவன் பிடுங்கிப் போகிறான் என்றால் பாட்டிக்கு உங்கள் துணை இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. முதியோருக்கென்றே 14567 என்ற கட்டணமில்லா உதவி எண் இருக்கிறது.

“காசாகக் கொடுக்காதே, சாப்பாடு வாங்கிக் கொடு” என்று பலரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முன் மயிலாப்பூரில் ஒரு கோயில் வாசலில், காசு கேட்ட பெரியவர் ஒருவருக்கு நான்கு இட்லி பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து நீட்டினேன். அவர் பக்கத்தில் ஏற்கெனவே மூன்று பொட்டலங்கள் இருந்தன. அன்று வெள்ளிக்கிழமை, புளியோதரையும் பொங்கலும் வந்து குவிந்திருந்தன. “அம்மா, சோப்பு வாங்கணும். குளிச்சு நாலு நாளாச்சு” என்றார். எனக்குக் கோபம் வந்தது. பொட்டலத்தை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். தெருமுனைக்கு வந்த பிறகுதான் அவர் கேட்டது என்னவென்று உறைத்தது. சுத்தமாக இருக்க ஆசைப்பட்டிருக்கிறார்!

நம் ஊரில் பசித்தவருக்கு அன்னதானமும் அம்மா உணவகமும் எப்படியாவது கைகொடுத்துவிடும். அங்கு ஒரு இட்லி ஒரு ரூபாய். ஆனால் கட்டணக் கழிப்பறைக்குக் காசு வேண்டும். வலி மாத்திரைக்கு, கால் புண்ணுக்குக் கட்டுத் துணிக்கு, மாற்றிக் கட்ட ஒரு பழைய புடவைக்கு, வெற்றிலைக்குக்கூடக் காசு வேண்டும். எந்தத் தேவை பெரியது என்று அவருக்குத்தான் தெரியும். குடித்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு இவ்வளவுதான் சொல்வேன்: பத்து ரூபாய்க்கு டாஸ்மாக்கில் எதுவும் கிடைக்காது. கொடுத்த பிறகு அது அவர் பணம்.

இதில் ஒரு சின்ன விஷயம். பத்து ரூபாயை நாணயமாகக் கொடுக்காதீர்கள். செல்லும் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும், அதை வாங்க மறுக்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. உங்களிடம் வாதாடத் தயங்கும் கடைக்காரர் பாட்டியை விரட்டிவிடுவார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது வேறு. இரண்டு வருடம் தினமும் பார்த்த பாட்டியின் பெயர் அதில் இல்லை. குறையாகச் சொல்லவில்லை, ரயிலைப் பிடிக்க ஓடுகிற பெண்ணுக்கு நின்று பேச எங்கே நேரம்? ஆனாலும் ஒருநாள் ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, அந்தப் படியில் அவர் பக்கத்தில் உட்காருங்கள். மகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெயரைக் கேளுங்கள். எந்த ஊர், இரவில் எங்கே படுக்கை, சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். காசில்லாத நாளில் “இன்றைக்கு இல்லை பாட்டி” என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பேச்சில் ஒன்று தெரியவரும்: அவருக்கு முதியோர் உதவித்தொகை வருகிறதா, இல்லையா என்பது. தமிழ்நாட்டில் அது மாதம் 1,200 ரூபாய். உங்கள் பத்து ரூபாயை மாதம் முழுக்கக் கூட்டினாலும் 300-தான். ஆதரவற்ற எத்தனையோ பேருக்கு இந்தத் தொகை கிடைக்காததற்குக் காரணம் தகுதிக் குறைவு அல்ல, காகிதக் குறைவு. ஆதார் தொலைந்திருக்கும், முகவரி இருக்காது, விரல் ரேகை தேய்ந்து இயந்திரத்தில் விழாது, வங்கிக் கணக்கு முடங்கிப் போயிருக்கும். இ-சேவை மையத்தில் அவர் தனியாகப் போய் நின்றால் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அலுவலகம் போகும் பெண் ஒருத்தி கூட நின்றால் நாற்காலி போடுவார்கள். கசப்பான உண்மைதான், இந்த முறை அது அவருக்குப் பயன்படட்டும்.

தங்க இடமில்லை என்றால், வீடற்றோருக்காகச் சென்னை மாநகராட்சி நடத்தும் இலவசக் காப்பகங்கள் இருக்கின்றன. 1913-க்கு அழைத்துக் கேட்கலாம். முகவரி இல்லாதவருக்குக் காப்பகப் பொறுப்பாளரின் சான்றை வைத்தே ஆதார் எடுக்க முடியும். பாட்டி அங்கே போக மறுக்கலாம். தெரிந்த முகங்களையும், பாதுகாத்து வைத்த மூட்டையையும் விட்டுவிட்டு வா என்றால் யாருக்குத்தான் மனம் வரும்? வற்புறுத்தாதீர்கள். சில மாதம் கழித்து மறுபடி கேளுங்கள்.

முதலில் ஆதார் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சனிக்கிழமை போதும், விண்ணப்பம் போட்டுவிடலாம். இல்லையென்றால் இரண்டு மூன்று நாள் அலைச்சல் இருக்கும். அதில் ஒருநாளாவது உங்கள் கணவரும் கூட வரட்டும்.