கேரவன் பயணத்தில் கட்டணச் சேனல்கள்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வடசென்னை வாசகர்கள் எழுதிய கடிதங்களில் நான்கு ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், அவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நிற்கும் நட்சத்திரங்களின் வண்டியே நம் நினைவுக்கு வந்த காலம் மாறிவிட்டது. வயதான பெற்றோரை அலைச்சலின்றி அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்கள் இப்போது அவற்றை வாடகைக்கு எடுக்கின்றன. அந்தப் பெரியவர்கள் மாலையில் வழக்கமான நிகழ்ச்சிகளைப் பார்க்க முடிந்தால், பயணம் அவர்களுக்கு இன்னும் இதமாக அமையும்.

கேள்வி: திருவொற்றியூரில் வசிக்கிறோம். பள்ளி விடுமுறையில் மாமனார், மாமியார், குழந்தைகள் உட்பட ஆறு பேர் வாடகைக் கேரவனில் மதுரை வழியாகக் கன்னியாகுமரி வரை சென்று வரவிருக்கிறோம். வீட்டிலுள்ள டி.டி.எச் இணைப்பின் செட்-டாப் பாக்ஸை உடன் எடுத்துச் சென்றால் வழியில் படம் வருமா? அதற்குத் தனிக் கட்டணம் உண்டா?

பதில்: படம் வரும், தனிச் சந்தா தேவையில்லை. பூமத்தியரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து நாடு முழுவதற்கும் ஒரே ஒளிபரப்புதான் இறங்குகிறது. அதைத் திறந்து காட்டும் உரிமை சந்தா கட்டியவரின் பாக்ஸுக்கு வழங்கப்படுகிறது என்பதால், திருவொற்றியூரில் திறக்கும் சேனல் விருதுநகரிலும் திறக்கும். ஆயினும், பதிவுசெய்த முகவரியிலேயே இணைப்பைப் பயன்படுத்த வேண்டும் என்ற பிரிவு நிறுவனங்களின் நிபந்தனைகளில் இருப்பது வழக்கம். எனவே புறப்படும் முன் அதைப் படித்துப் பார்த்து, வாடிக்கையாளர் சேவைக்குப் பயண விவரத்தைத் தெரிவித்துவிடுங்கள்.

மாடியிலுள்ள டிஷ்ஷைக் கழற்ற வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். சரியாகப் பொருத்தப்பட்ட டிஷ்ஷைக் கழற்றினால், திரும்பி வந்ததும் அதை மறுபடி நிலைநிறுத்த ஒரு மெக்கானிக்கைத் தேட வேண்டியிருக்கும். பயணத்துக்கென்று 60 சென்டிமீட்டர் டிஷ் ஒன்று, டிஷ்ஷின் முன்னால் பொருத்தி அலைகளைப் பிடிக்கும் எல்.என்.பி. என்ற சிறு கருவி, மடக்கக்கூடிய முக்காலி ஸ்டாண்டு, பத்து மீட்டர் கேபிள், கைக்கடக்கமான சிக்னல் மீட்டர் ஆகியவற்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து பாக்ஸும் அதன் அடாப்டரும் ரிமோட்டும் மட்டும் வந்தால் போதும்.

இனி, பெரும்பாலோர் தடுமாறும் இடத்துக்கு வருவோம். செயற்கைக்கோள் வானில் ஒரே இடத்தில் இருந்தாலும், நீங்கள் தெற்கே போகப் போக அது உங்களுக்குத் தெரியும் திசை மாறுகிறது. சன் டைரக்ட், டிடி ஃப்ரீ டிஷ் ஆகியவற்றின் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள், கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. திசைமானியில் வடக்கைச் சுழியமாகக் கொண்டு கிழக்கு வழியாக எண்ணினால், சென்னையிலிருந்து அது ஏறத்தாழ 134 பாகையில், அதாவது கிட்டத்தட்டச் சரியான தென்கிழக்கில் அமைகிறது. மதுரையில் அது 122 பாகையாகவும் கன்னியாகுமரியில் 116 பாகையாகவும் கிழக்கு நோக்கி நகர்ந்துவிடும். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மூன்று பாகை அகலமே கொண்டது என்பதால், சென்னையில் வைத்த திசையிலேயே கன்னியாகுமரியிலும் வைத்தால் திரையில் ஒன்றுமே வராது. தூக்குகோணத்தை, அதாவது டிஷ்ஷை மேல்நோக்கி எவ்வளவு நிமிர்த்துவது என்பதைப் பொறுத்தவரை கவலை குறைவு; சென்னையில் 68 பாகை, கன்னியாகுமரியில் 69 பாகை என்று அது ஏறக்குறைய மாறாமலே இருக்கிறது. ஆகவே சென்னையிலேயே ஒருமுறை தூக்குகோணத்தைச் சரியாக அமைத்து அந்தத் திருகுகளை இறுக்கிவிட்டால், ஒவ்வோர் ஊரிலும் டிஷ்ஷை இடவலமாக மெல்லத் திருப்பும் வேலைதான் மிஞ்சும்.

அதற்கு ஸ்டாண்டின் குழாய் நேர்செங்குத்தாக நிற்பது அவசியம். குழாய் சாய்ந்திருந்தால், டிஷ்ஷைத் திருப்பும்போது அமைத்து வைத்த தூக்குகோணமும் சேர்ந்தே மாறிப்போகும். கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டம் ஒன்றைக் குழாயின் இரு பக்கங்களிலும் வைத்துப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் இது சரியாகிவிடும். எல்.என்.பி.யையும் கவனியுங்கள். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் இடையில் அதன் சுழற்சியும் சுமார் 18 பாகை மாற வேண்டும். சில சேனல்கள் தெளிவாக வந்து சில மட்டும் கட்டம் கட்டமாக உடைந்தால், பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்; திரையில் சிக்னல் தரம் காட்டும் பட்டையைப் பார்த்துக்கொண்டே எல்.என்.பி.யை அதன் பிடிக்குள் சிறிது சிறிதாகச் சுழற்றுங்கள்.

திசை காண அலைபேசியின் திசைமானி உதவும், ஆனால் இரும்புக்கு அருகில் அது பொய் சொல்லும். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு தவறாகக் காட்டும் என்பது புரியும். உங்கள் கேரவனின் உடலும் இரும்பே என்பதால், வண்டியிலிருந்து பத்து அடியாவது தள்ளி நின்று பாருங்கள். அதைவிட நம்பகமான வழி ஒன்று எந்த ஊரிலும் உண்டு: அருகிலுள்ள வீட்டு மாடிகளில் உங்கள் நிறுவனத்தின் டிஷ் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம் உங்களுடையதையும் திருப்புங்கள்.

பாக்ஸ் பல நாட்கள் அணைந்தே இருந்தால் சந்தா உரிமையைப் புதுப்பிக்கும் செய்தி அதற்குச் சேராமல் போய், பணம் கட்டியிருந்தும் சேனல் திறக்கவில்லை என்ற அறிவிப்பு திரையில் வரலாம். டிஷ் சரியாக இருக்கும் நிலையில் நிறுவனத்தின் செயலி வழியாகப் புதுப்பிப்புக் கோரிக்கை அனுப்பி, சிறிது நேரம் பாக்ஸை ஓடவிட்டால் அது சரியாகும். கனமழையில் படம் நிற்பது உங்கள் டிஷ்ஷின் குறை அன்று. இந்த ஒளிபரப்பின் அலைவரிசை மழையில் வலுவிழக்கக்கூடியது, மழை ஓய்ந்ததும் படம் தானே வரும். மார்ச் மாத நடுவிலும் செப்டம்பர் இறுதியிலும் சில நாட்கள் முற்பகலில் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதாலும் சில நிமிடங்கள் படம் மறையும். அந்த வேளையில் டிஷ்ஷைத் திருப்பத் தொடங்கினால் சரியாக இருந்ததையும் கெடுத்துக்கொள்வீர்கள்.

கேள்வி: மணலி புதுநகரில் வேன் வைத்துத் தொழில் செய்கிறேன். ஒரு வண்டியைக் கேரவனாக மாற்றி வாடகைக்கு விட எண்ணம். ஓடும்போதே டிவி தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கூரையில் பொருத்தும், தானே திரும்பும் டிஷ்ஷை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாமா?

பதில்: தானியங்கி டிஷ் இரு வகைப்படும். ஒன்று, வண்டி நின்ற பிறகு பொத்தானை அழுத்தினால் தானே செயற்கைக்கோளைத் தேடிப் பிடித்து நிற்பது. மற்றொன்று, குவிமாடம் போன்ற மூடிக்குள் இருந்துகொண்டு, வண்டியின் ஒவ்வொரு திருப்பத்தையும் உணர்ந்து ஓட்டத்திலும் கோளை விடாமல் பின்தொடர்வது. வாடிக்கையாளர்கள் கேட்பது இரண்டாம் வகையை. அது விலை மிகுந்தது. மேம்பாலத்துக்கு அடியிலும் அடர்ந்த புளியமரச் சாலையிலும் அதிலும் படம் அறுபடும்.

வரவழைக்கும் முன் ஒரு விவரத்தை உறுதியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பியக் கேரவன்களுக்கெனச் செய்யப்படும் கருவிகள், தாழ்வாகத் தெரியும் கோள்களை எண்ணி வடிவமைக்கப்பட்டவை. லண்டனில் கட்டணச் சேனல்கள் வரும் கோள் தொடுவானிலிருந்து சுமார் 25 பாகை உயரத்தில்தான் தெரிகிறது. நமக்கோ ஜிசாட்-15 கோள் 68 பாகையிலும், டாடா பிளே பயன்படுத்தும் 83 பாகைத் தீர்க்கரேகைக் கோள்கள் 74 பாகையிலும், ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கின்றன. கருவியின் தூக்குகோண வரம்பு அந்த அளவுக்கு எட்டாவிட்டால், எவ்வளவு பணம் கொடுத்து வாங்கினாலும் அது நம் ஊரில் கூரைக்குச் சுமையாகத்தான் கிடக்கும். அதன் மென்பொருளில் இந்தியக் கோள்களின் பட்டியல் இருக்கிறதா, இல்லையென்றால் நாமே சேர்க்க முடியுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. வேனைக் கேரவனாக மாற்றுவதே பெரிய மாற்றம் என்பதால், வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒப்புதல் பெற்று, கூரையில் பொருத்துவதையும் அந்த விண்ணப்பத்திலேயே சேர்த்துவிடுங்கள். கூடும் உயரத்தை அளந்து ஓட்டுநரின் கண்ணில் படும்படி எழுதி வையுங்கள். வடசென்னையின் ரயில்வே சுரங்கப்பாதைகளில் நுழையும் வண்டிக்குச் சில அங்குலங்கள்கூடப் பெரிய வித்தியாசம். ஓட்டுநரின் பார்வையில் திரை விழவே கூடாது. தடுப்புச் சுவருக்குப் பின்னால், பயணிகள் சீட் பெல்ட் அணிந்து அமர்ந்தபடி பார்க்கக்கூடிய இடத்தில் திரையை அமையுங்கள்.

என் கருத்தைக் கேட்டால், நின்ற இடத்தில் பார்க்கும் ஏற்பாடே போதும் என்பேன். ஓடும் வண்டியில் குழந்தைகள் திரையை உற்றுப் பார்த்தால் பலருக்குக் குமட்டல் வரும். சாலையில் பாதுகாப்பாகச் செல்வதும், நின்ற பிறகு நிம்மதியாகப் பார்ப்பதும்தான் உங்கள் வாடிக்கையாளர்களுக்கு நீங்கள் தரக்கூடிய நல்ல சேவை.

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் கேபிள் டிவிதான். நாங்கள் கேரவனில் போகும்போது பாட்டி வீட்டிலேயே இருப்பார். கேபிள் பாக்ஸை எடுத்துச் செல்ல முடியுமா? இல்லையெனில், என் அண்ணன் வீட்டு டி.டி.எச் இணைப்பில் இரண்டாவது டிவிக்கு வாங்கிய பாக்ஸை இரவல் பெறலாமா?

பதில்: கேபிள் பாக்ஸ் வழியில் பயன்படாது, உங்கள் தெருவுக்கு வரும் கம்பியோடுதான் அதற்கு உறவு. பாட்டிக்காக அது வீட்டிலேயே இருக்கட்டும். கட்டணச் சேனல் பார்க்கப் பாக்ஸ் வேண்டும் என்ற முறையை 2003 செப்டம்பரிலேயே நடைமுறைக்குக் கொண்டுவந்த நகரம் சென்னை. இந்தக் குழப்பம் நம்மவர்களுக்குப் புதிதன்று.

அண்ணனின் இரண்டாவது பாக்ஸைப் பொறுத்தவரை, படம் வரும் என்றாலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரே வீட்டில், ஒரே பெயரில் இருக்கும் கூடுதல் தொலைக்காட்சிக்கென்றே அந்த இணைப்பு சலுகைக் கட்டணத்தில் தரப்படுகிறது. வீட்டுக்கு வெளியே அதை ஓடவிடுவது அண்ணன் ஏற்றுக்கொண்ட நிபந்தனைக்கு மாறானது, நிறுவனம் துண்டித்தால் இழப்பும் அவருக்கே. பயணத்துக்கு டிடி ஃப்ரீ டிஷ் பாக்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஒருமுறை செலவோடு சரி, மாதச் சந்தா கிடையாது. டிடி தமிழ் அதில் வரும். நீங்கள் வீட்டில் பார்க்கும் கட்டணத் தமிழ்ச் சேனல்கள் வரமாட்டா. அவைதான் வேண்டும் என்றால், உங்கள் பெயரிலேயே சிறிய சந்தாத் தொகுப்புடன் டி.டி.எச் இணைப்பு ஒன்று எடுப்பது நேர்மையான வழி.

கேள்வி: ராயபுரத்திலிருந்து எழுதுகிறேன். டிஷ் எதுவும் இல்லாமல் அலைபேசி இணையத்திலேயே கிரிக்கெட் பார்த்துவிட முடியாதா? கேரவன் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: நெடுஞ்சாலையை ஒட்டிய ஊர்களில் பார்க்கலாம், மலைப்பாதைகளில் நம்ப முடியாது. சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி, எச்.டி. தரத்தில் 3 ஜிபி வரை செலவாகும் என்று வைத்துக்கொண்டால், ஓர் இருபது ஓவர் ஆட்டம் முழுவதையும் எச்.டி.யில் பார்ப்பதற்குள் பத்து ஜிபி தீர்ந்துவிடும். நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் முதல் இன்னிங்ஸுக்கே போதாது. அலைபேசிக்கு மட்டுமான மலிவுச் சந்தா எடுத்திருந்தால், அது கேரவன் டிவியில் ஓடாது என்பதையும் கிளம்பும் முன்பே கவனியுங்கள். குழந்தைகளுக்கான படங்களை வீட்டு வைஃபையில் முன்னதாகவே பதிவிறக்கிக்கொள்வது நல்லது.

பேட்டரிக் கணக்கு எளிது. 24 அங்குல எல்.இ.டி. டிவியும் பாக்ஸும் இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து சுமார் 50 வாட் ஆகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்காமல் பயன்படுத்தினால் 600 வாட்-மணி கிடைக்கும். டிவிக்கு மட்டும் என்றால் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும். மின்விசிறியும் குளிர்பெட்டியும் அதே பேட்டரியில் ஓடினால் அந்த நேரம் வெகுவாகக் குறையும். பெரிய பேருந்து உடலில் கட்டிய கேரவன்களில் 24 வோல்ட் மின்சாரம் இருக்கும். 12 வோல்ட் பாக்ஸை அதில் நேரடியாக இணைத்தால் எரிந்துவிடும், இடையில் கன்வெர்ட்டர் கட்டாயம். இரவில் இடி மின்னல் வரும்போலிருந்தால், அது தொடங்கும் முன்பே பாக்ஸின் பின்புறத்திலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றி அதன் முனையை வண்டிக்கு வெளியே போட்டுவிடுங்கள். மின்னல் தொடங்கிய பிறகு கேபிளைத் தொட வேண்டாம்; டிஷ்ஷைத் தொடவோ மடக்கவோ யாரும் வெளியே இறங்கவும் வேண்டாம்.