பனித்தரைச் சம்பளம்

கேள்வி: அமெரிக்கக் கல்லூரி ஹாக்கி பயிற்சியாளர்களுக்கும் கோடிக்கணக்கில் சம்பளமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: நம் ரூபாயில் கோடிதான். ஆனால் அங்குள்ள ஃபுட்பால் (நம் கால்பந்து அல்ல, கையில் பந்தோடு ஓடும் அமெரிக்க ஆட்டம்) பயிற்சியாளரோடு ஒப்பிட்டால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அலபாமா பல்கலைக்கழக ஃபுட்பால் பயிற்சியாளராக இருந்த நிக் சேபன் 2023-இல் 1 கோடி டாலருக்கு மேல் வாங்கினார். ஐஸ் ஹாக்கியில் (நம் புல்தரை ஹாக்கி அல்ல) 10 லட்சம் டாலரைத் தொட்டாலே பெரிய விஷயம்.

மகளைப் பார்க்க அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரத்துக்குப் போனபோது காரணம் புரிந்தது. அங்குள்ள மிச்சிகன் பல்கலைக்கழக ஃபுட்பால் மைதானத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஹாக்கி அரங்கில் 6,000 பேர்கூட முடியாது. டிவி பணமும் ஃபுட்பால் பக்கம்தான். இத்தனைக்கும் அங்கே 33 வருடம் ஹாக்கி பயிற்சி தந்த ரெட் பெரன்சன், 1996, 1998 என இரண்டு தேசியப் பட்டம் வென்றவர். நானோ, குளிர் தாங்காமல் முதல் இடைவேளையிலேயே கிளம்பிவிட்டேன்!