டீம் லீட் வீட்டுப் பார்பெக்யூவுக்குப் போகலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். மதுரையிலிருந்து சிட்னி வந்து 4 மாதம். வீடு மேற்கு சிட்னியில், வென்ட்வொர்த்வில். உங்கள் டீம் லீட் ஓர் ஆண், அவருடைய துணையும் ஓர் ஆண், முறைப்படி கல்யாணம் செய்துகொண்டவர்கள். சனிக்கிழமை குடும்பத்தோடு வரச் சொல்லியிருக்கிறார். 7 வயதுப் பையன் ஏதாவது கேட்டால் என்ன சொல்வது, கோயிலில் தெரிந்தவர்கள் என்ன நினைப்பார்கள், போகாவிட்டால் வேலைக்கு ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியாக, "ஆபீஸில் ஒரு மாதிரி, அக்கம்பக்கத்தில் வேறு மாதிரி பேசுகிறார்கள், எதுதான் ஆஸ்திரேலியா?" என்றும்.

இரண்டும்தான். நீங்கள் வீடு எடுத்திருக்கும் இடம் அப்படி.

2017-ல் தன்பால் திருமணத்தை அனுமதிக்கலாமா என்று அரசாங்கம் தபாலில் கருத்துக் கேட்டது. தேர்தலில் ஓட்டுப் போடாவிட்டால் இங்கே அபராதம் உண்டு. இதற்கு அது இல்லை. இருந்தும் 79.5 சதவீதம் பேர் படிவத்தை நிரப்பி அனுப்பினார்கள். 61.6 சதவீதம் பேர் 'சரி', 38.4 சதவீதம் பேர் 'வேண்டாம்'. மொத்தம் 150 தொகுதிகளில் 'வேண்டாம்' ஜெயித்தது 17-ல்தான். அந்தப் பதினேழில் 12 சிட்னியில், பெரும்பாலும் நம் மேற்குப் பக்கம். நம் பரமட்டா தொகுதியில் 'வேண்டாம்' 61.6 சதவீதம். நாட்டுக் கணக்கை அப்படியே கவிழ்த்து வைத்தது போல.

'வேண்டாம்' என்றது தமிழர்கள் மட்டும் இல்லை. லெபனான்காரர்கள், சீனர்கள், வியட்நாம்காரர்கள், இந்தியர்கள் என்று பல ஊரிலிருந்து வந்து குடியேறிய பகுதி இது. சிட்னி ஆங்கிலிக்கன் சபை 'வேண்டாம்' பிரசாரத்துக்கு 10 லட்சம் டாலர் கொடுத்தது. கோயிலுக்குப் போகிறவர், மசூதிக்குப் போகிறவர், சர்ச்சுக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே பக்கம் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நானும் 'வேண்டாம்' கட்டத்தில்தான் டிக் போட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. படிவம் ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கியது. பள்ளிக்கூடத்தில் பையன்களைப் பாவாடை கட்டச் சொல்வார்கள் என்று வாட்ஸ்அப்பில் தமிழில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது, நானும் நம்பினேன். டிசம்பர் 9-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. பள்ளி திறந்ததும் என் மகன் போட்டுக்கொண்டு போனது அதே அரைக்கால் சட்டைதான்.

அந்தச் சமயத்தில் அரசியல்வாதிகள் நடந்துகொண்டதுதான் வேடிக்கை. முன்னாள் பிரதமர் டோனி அபட் கடைசிவரை எதிர்த்தார். அவருடைய வாரிங்கா தொகுதியில் 75 சதவீதம் பேர் 'சரி' என்றார்கள், பிறகு நாடாளுமன்றத்தில் சட்டத்துக்கு வாக்கெடுப்பு நடந்தபோது அவர் சபையில் இல்லை. நம் பக்கத்து லேபர் கட்சி உறுப்பினர்கள் சிலருக்கு நேர் எதிர் நிலைமை. தொகுதி 'வேண்டாம்' என்றது, அவர்கள் 'சரி' என்று வாக்களித்தார்கள். கீழவையில் கடைசியில் எதிர்த்து நின்றவர்கள் 4 பேர்தான். அதற்காக அந்த லேபர்காரர்களை நம் ஆட்கள் அடுத்த தேர்தலில் ஒன்றும் தூக்கி எறிந்துவிடவில்லை. இங்கே ஓட்டு விழுவது வீட்டுக்கடன் வட்டி, மெடிகேர், விசா இதையெல்லாம் பார்த்துத்தான்.

விஷயம் அதோடு முடிந்ததா என்றால் இல்லை. 2024 மே மாதம் நம் கம்பர்லாண்ட் நகர சபை, ஒரே பால் பெற்றோர் பற்றிய குழந்தைகள் புத்தகங்களை நூலகங்களிலிருந்து எடுக்கச் சொல்லி 6-க்கு 5 என்று தீர்மானம் போட்டது. இரண்டே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அன்றைக்குச் சபைக்கு வெளியே இரண்டு கூட்டம், நடுவில் போலீஸ்.

"நம் பண்பாட்டில் இது இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். இதைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வெள்ளைக்காரன் 1860-ல் எழுதி வைத்தது. உச்ச நீதிமன்றம் 2018-ல்தான் அதன் பல்லைப் பிடுங்கியது. இலங்கையில் அதே வழியில் வந்த சட்டம் இன்னும் இருக்கிறது. ஏன், இந்த சிட்னியிலேயே 1978-ல் தன்பாலினத்தவர் உரிமைக்காக ஊர்வலம் போன 53 பேரைக் கைது செய்தார்கள். இந்த மாநிலத்தில் இது குற்றமில்லை என்று ஆனது 1984-ல். ஆபீஸில் இயல்பாகப் பேசுகிறார்களே, அவர்களுக்கும் இது ஒரே நாளில் வந்துவிடவில்லை.

என்னை மாற்றியது இந்தக் கணக்கெல்லாம் இல்லை. கோயில் சமையற்கட்டில் என்னோடு காய் நறுக்கும் ஒரு மாமி இருக்கிறார். மகன் நியூடவுன் பக்கம் தனியாக இருக்கிறான் என்பார், அதற்கு மேல் பேச்சு வராது. ஆனால் புளியோதரை மிஞ்சினால் இரண்டு டப்பாவில் எடுத்து வைப்பார், ஒன்றில் வேர்க்கடலை போடாமல். "அந்தப் பிள்ளைக்குக் கடலை ஒத்துக்காது" என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார். எந்தப் பிள்ளை என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு நாங்களே கடலை போடாமல் ஒரு பங்கு தனியாக எடுத்து வைத்துவிடுகிறோம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போகாவிட்டால் வேலை போகாது. ஆனால் ஆபீஸில் நம் ஊர்ப் பாணியில் கிண்டல் வேண்டாம். பாலீர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவது 2013 முதல் நாடு முழுவதுக்குமான சட்டப்படியே தப்பு. தெரிந்தவர் ஒருவர் லஞ்ச் அறையில் அடித்த ஒரு ஜோக்குக்கு ஹெச்ஆர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார். நீங்கள் உள்ளுக்குள் என்ன நம்புகிறீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. விபூதி பூசிக்கொண்டே போங்கள். 2021 கணக்கெடுப்பில் 38.9 சதவீதம் பேர் மதம் இல்லை என்று எழுதிய ஊர், உங்கள் நெற்றியைப் பார்த்து யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள்.

பையன் கேட்டால், "அவங்க ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். என் மகள் அந்த வயதில் அதற்கு அப்புறம் கேட்டது, "அவங்க வீட்டுல நாய் இருக்கா?" என்பதைத்தான். கோயில் வட்டாரம் பேசும். நீங்கள் போகாவிட்டாலும் வேறு எதையாவது பேசும்.

அழைப்பில் 'ஒரு பிளேட் கொண்டு வாருங்கள்' என்று இருந்தால், சாப்பாடு செய்து கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். 2005-ல் நான் நான்கு காலித் தட்டுகளோடு போய் நின்றவள். மெதுவடை சுட்டுக்கொண்டு போங்கள், சட்னியில் காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.