மணிக்கு 50 ரிங்கிட்டா, மாதம் 8,000-ஆ?

கேள்வி: பட்டர்வொர்த்தில் இருக்கும் மருத்துவர் நான். அரசாங்க ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது. கட்டாயச் சேவையும் முடிந்துவிட்டது. பிறையில் ஒரு கிளினிக் மாதம் 8,000 ரிங்கிட்டுக்கு நிரந்தர வேலை தருகிறது. ஜார்ஜ்டவுனில் இன்னொன்று லோக்கமாக, அதாவது வந்த நேரத்துக்கு மட்டும் காசு வாங்கும் தற்காலிக மருத்துவராக, வரச் சொல்கிறது: மணிக்கு 50 ரிங்கிட், நாளுக்கு 8 மணி நேரம், மாதம் 22 நாள். "8,800 வருதே, லோக்கமே மேல்" என்கிறார் அண்ணன். எதை எடுப்பது?

பதில்: டாக்டர், உங்கள் அண்ணன் 22 நாளும் வேலை இருக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். லோக்கத்தில் போகாத நாளுக்குக் காசு இல்லை. மலேசிய வேலைச் சட்டப்படி நிரந்தர ஊழியருக்கு முதல் ஆண்டில் 8 நாள் ஆண்டு விடுப்பும், 11 பொது விடுமுறையும், 14 நாள் வரை மருத்துவ விடுப்பும் சம்பளத்தோடு உண்டு. மருத்துவ விடுப்பில் 6 நாள்தான் எடுப்பீர்கள் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 25 நாள். மாதம் 22 வீதம் ஆண்டுக்கு வரும் 264 நாளில் அதைக் கழித்தால் 239. அதை 8 மணியாலும் 50 ரிங்கிட்டாலும் பெருக்கினால் 95,600. மாதத்துக்கு ஏறக்குறைய 7,970.

பிறை கிளினிக்கில் 8,000-க்கு மேல் முதலாளி 12 விழுக்காடு இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கட்ட வேண்டும். அது 960, ஆக 8,960. இரண்டுக்கும் இடையே மாதம் ஆயிரம் ரிங்கிட் வித்தியாசம். ஜார்ஜ்டவுன் போக, பினாங்குப் பாலத்தில் தீவுக்குப் போகும்போது கட்டும் 5.74 ரிங்கிட் டோல் மாதம் ஏறக்குறைய 115 ஆகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிரந்தர வேலைக்கு ஈடாக வேண்டுமென்றால் லோக்கம் மணிக்கு 57 ரிங்கிட்டாவது தர வேண்டும். அதற்குக் குறைந்தால், நேரத்தை நம் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது ஒன்றே லோக்கத்தின் லாபம். கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் மேற்படிப்புத் தேர்வுக்குப் படிப்பவருக்கும் அது பெரிய லாபம்தான். நீங்கள் அந்த நிலையில் இல்லையென்றால் பிறையை எடுங்கள்.

எடுப்பதற்கு முன் ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள். மூன்று மாத நோட்டீஸ் கேட்டால் ஒரு மாதமாகக் குறைக்கச் சொல்லுங்கள். நோட்டீஸ் தராமல் கிளம்பினால் அத்தனை மாதச் சம்பளத்தையும் நீங்கள் கட்ட வேண்டி வரும். "விலகிய பிறகு இத்தனை கிலோமீட்டருக்குள் வேலை செய்யக்கூடாது" என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அத்தகைய தடையைச் செல்லாது என்கிறது. ஆனால் கிளினிக் உங்களைப் பயிற்சிக்கு அனுப்பி, அதற்கு ஈடாக இத்தனை காலம் வேலை செய்வதாக பாண்ட் எழுதி வாங்கியிருந்தால் அது வேறு. அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். சிகிச்சையில் தவறு என்று வழக்கு வந்தால் காக்கும் தொழில்சார் காப்புறுதியை யார் கட்டுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

இந்தக் காப்புறுதியில்தான் இளம் மருத்துவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். அரசாங்க மருத்துவமனையில் இருந்தவரை உங்களுக்கு இருந்த பாதுகாப்பு அங்கே செய்த வேலைக்கு மட்டும். தனியார் கிளினிக்கில் ஒரே ஒரு இரவு லோக்கம் பார்த்தாலும் சொந்தக் காப்பு வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: சம்பவம் நடந்த நாளில் காப்பு இருந்தால் போதுமா, அல்லது வழக்கு வரும் நாளிலும் இருக்க வேண்டுமா? இரண்டாவது வகை மலிவாகத் தெரியும். ஆனால் அலட்சிய வழக்குக்குப் பொதுவாக 6 ஆண்டு காலவரை உண்டு. இடையில் காப்பை நிறுத்தினால் பழைய நோயாளியின் வழக்கு உங்கள் தலையில்தான் விழும்.

ஒப்பந்தம் முடியும் நாள் வரை நீங்கள் அரசு ஊழியர். துறைத் தலைவரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வெளியே லோக்கம் போனால் ஒழுங்கு நடவடிக்கை வரும். அடுத்த ஆண்டுக்கான ஏபிசிக்கு (மருத்துவத் தொழில் செய்வதற்கான ஆண்டுச் சான்றிதழ்) டிசம்பர் 1-க்குள் விண்ணப்பித்துவிடுங்கள். 20 சிபிடி (தொடர் தொழிற்கல்வி) புள்ளிகளும் காப்புறுதிச் சான்றும் கேட்பார்கள். தொழில் செய்யும் இடம் இன்னும் மருத்துவமனை என்றே இருந்தால், மருத்துவ மன்றத்தின் மெரிட்ஸ் தளத்தில் மாற்றுங்கள்.

லோக்கத்தையே எடுப்பதாக இருந்தால், வாட்ஸ்அப்பில் மணிக் கணக்கு மட்டும் பேசி முடிக்காதீர்கள். முந்தின இரவு ரத்து செய்தால் எவ்வளவு, கடைசி நோயாளி முடிய நேரமானால் அதற்குக் காசு உண்டா, தையல் போட்டால் கமிஷன் எவ்வளவு, பணம் எந்தத் தேதியில் வரும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். முதல் நாள் அரை மணி முன்னதாகப் போய் ஆக்சிஜன் சிலிண்டரையும் அட்ரினலின் காலாவதித் தேதியையும் பாருங்கள். வெற்று எம்சியில் (மருத்துவ விடுப்புச் சான்று) கையெழுத்துப் போட்டு வைக்கச் சொன்னால் அன்றே வெளியேறுங்கள். "உங்க பேர்ல கிளினிக்கைப் பதிவு பண்ணிக்கிறோம், மாசம் இவ்வளவு தர்றோம்" என்று சிலர் கேட்பார்கள். அதற்கு மட்டும் எந்த விலைக்கும் சம்மதிக்காதீர்கள். 1998-ஆம் ஆண்டு தனியார் சுகாதார வசதிகள் சட்டப்படி பொறுப்பாளர் நீங்கள் ஆகிவிடுவீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும்போது அங்கே நடக்கும் தவறுக்கும் உங்களைத்தான் கேட்பார்கள்.

லோக்க வருமானத்தில் மாதாந்திர வரிப் பிடித்தம் பெரும்பாலும் இருக்காது. சம்பளக்காரர்கள் நிரப்பும் வரிப் பாரம் பிஇ-யை விட்டு, சொந்தத் தொழில் வருமானத்துக்கான பாரம் பி நிரப்ப வேண்டும். கடைசி நாள் ஜூன் 30. வரும் தொகையில் ஒரு பங்கை வரிக்கென்று தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஏபிசி, காப்புறுதி ரசீதுகளை ஏழு ஆண்டு பத்திரப்படுத்துங்கள். இபிஎஃபுக்கு நீங்களாகவே மாதாமாதம் கட்டலாம்.

ஜார்ஜ்டவுன் கிளினிக்கிடம் 60 கேளுங்கள். 57-க்குக் கீழே வந்தால் பிறைக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள்.