கணினிக் கேள்வி–பதில்: சேர்வர் ஓடுகிறது, ஆனாலும் 503

கேள்வி: எங்கள் ரியூசன் நிலையத்தின் தளத்தை இரண்டு சேர்வர்களில் போட்டு, முன்னால் எச்.ஏ.புரொக்சி (வரும் கோரிக்கைகளைச் சேர்வர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் மென்பொருள்) வைத்திருக்கிறோம். சேர்வரை நேரே 8080 போர்ட்டில் திறந்தால் பக்கம் வருகிறது. புரொக்சி வழியாகப் போனால் 503, அதாவது 'சேவை கிடைக்கவில்லை' என்ற பிழை. ஏன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: இந்த 503 புரொக்சி தானே கொடுப்பது. இரண்டு சேர்வரும் செத்துவிட்டன என்று அது முடிவு கட்டியிருக்கிறது. சேர்வர்களின் நிலையைக் காட்டும் புரொக்சியின் ஸ்டாட்ஸ் பக்கத்தைத் திறந்து, கடைசிச் சோதனை காட்டும் கட்டத்தைப் பாருங்கள். 'எல்4கொன்' என்றிருந்தால் இணைப்பே கிடைக்கவில்லை. போர்ட் இலக்கத்தையும் பயர்வோலையும் பாருங்கள். 'எல்7எஸ்.டி.எஸ்/405' என்றிருந்தால் சேர்வர் நலமாகத்தான் இருக்கிறது, ஹெல்த் செக்தான் (சேர்வர் உயிரோடு இருக்கிறதா என்று புரொக்சி பார்க்கும் சோதனை) பிழை.

கொன்ஃபிக் கோப்பில் 'ஒப்ஷன் எச்.டி.டி.பி.செக்' என்று மட்டும் எழுதினால், புரொக்சி முகப்புப் பக்கத்துக்கு, பக்கத்தைக் கேட்கும் வழக்கமான 'கெட்' கோரிக்கையை அனுப்பாது, 'ஒப்ஷன்ஸ்' கோரிக்கையை அனுப்பும். அதை ஏற்காத செயலிகள் 405 (இந்த வகைக் கோரிக்கைக்கு அனுமதியில்லை) என்று திருப்பிவிடும். 200 முதல் 399 வரையான பதில் மட்டுமே தேர்ச்சி. எதையும் மாற்றாவிட்டால் 2 செக்கனுக்கு ஒரு சோதனை. தொடர்ந்து 3 தவறினால் சேர்வர் வெளியே, மீண்டும் 2 தேறினால் உள்ளே.

2.2 பதிப்பிலிருந்து 'எச்.டி.டி.பி-செக் சென்ட்' வரி உண்டு. அதில் மெதட் 'கெட்', பதிப்பு 1.1, ஹோஸ்ட் ஹெடரில் உங்கள் தளத்தின் பெயர், சோதனைக்கென்றே ஒரு சிறு பக்கம் ஆகியவற்றைக் கொடுங்கள். அந்தப் பக்கம் டேட்டாபேஸைத் தொட வேண்டாம். இரண்டு சேர்வருக்கும் ஒரே டேட்டாபேஸ் என்றால், அது கொஞ்சம் திணறினாலே இரண்டும் சேர்ந்து வெளியேறிவிடும்.

கேள்வி: பிள்ளைகள் லொகின் செய்து அடுத்த பக்கத்துக்குப் போனால் திரும்பவும் லொகின் கேட்கிறது. எச்.ஏ.புரொக்சியில் 'பலன்ஸ் சோர்ஸ்' (வருபவரின் ஐ.பி. முகவரியை வைத்துச் சேர்வரைத் தெரிவது) போட்டால் சரிவருமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: அடுத்த பக்கம் மற்றச் சேர்வருக்குப் போய்விடுவதால்தான் திரும்பவும் கேட்கிறது. 'பலன்ஸ் சோர்ஸ்' போட்டால் லொகின் நிலைக்கும், பாரம் சரியாகப் பிரியாது. மொபைல் டேட்டாவில் வரும் பலர் ஒரே ஐ.பி. முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். அத்தனை பேரும் ஒரே சேர்வரில் போய் விழுவார்கள். சேர்வர்களுக்கு முறை வைத்து அனுப்பும் 'ரவுண்ட்ரொபின்' அப்படியே இருக்கட்டும். கொன்ஃபிக் கோப்பில் சேர்வர்களை எழுதும் பெக்எண்ட் பகுதியில், ஒருவரை முதலில் போன சேர்வருக்கே திரும்ப அனுப்ப உதவும் குக்கி வரியை 'இன்சர்ட் இன்டிரெக்ட் நோகேச்' என்பவற்றோடு சேருங்கள். ஒவ்வொரு சேர்வர் வரியிலும் வெவ்வேறு குக்கிப் பெறுமதி இருக்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் எதுவும் ஒட்டாது.

கேள்வி: இடி மின்னலில் கரண்ட் போய் வந்தால் புரொக்சி மட்டும் எழும்புவதில்லை.
– வாசகர், பண்டாரவளை

பதில்: சேர்வர்களைப் பெயரால் எழுதியிருப்பீர்கள். ரவுட்டர் முழுதாக எழும்புமுன் புரொக்சி தொடங்கினால், பெயருக்கு முகவரி கிடைக்காமல் அது நின்றுவிடும். நிலையான ஐ.பி. கொடுத்து, அதையே எழுதுவது நல்லது. பெயர்தான் வேண்டுமென்றால் தொடங்கும்போது முகவரியைத் தேடும் வழிகளைச் சொல்லும் 'இனிட்-அட்ர்' (init-addr) வரிசையின் கடைசியில் 'நன்' (none) என்று முடித்து, பிறகும் முகவரியைத் தேட வைக்கும் 'ரிசொல்வர்ஸ்' பகுதியையும் சேருங்கள்; 'ரிசொல்வர்ஸ்' இல்லாவிட்டால் புரொக்சி தொடங்கும், சேர்வர் மட்டும் 'டவுன்' ஆகவே கிடக்கும். மாற்றியதும் 'மைனஸ் சி' (-c) கொடுத்து கொன்ஃபிக் கோப்பைச் சோதித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் செய்தால் நடந்துகொண்டிருக்கும் இணைப்புகள் அறுந்துவிடும்.