ரைட்டரம்மா பதில்கள்: ஸ்டேஷன் கொடுத்த தாள்

(இந்த வாரம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே தாளைப் பற்றித்தான்: விசாரணைக்கு வரச் சொல்லிப் போலீஸ் கொடுக்கும் நோட்டீஸ். மகளிர் காவல் நிலையத்தில் பன்னிரண்டு வருடம் ரைட்டராக உட்கார்ந்து அந்தத் தாளை எழுதி எழுதிக் கை காய்த்தவள் என்பதால், இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டேன்.)

கோயில் திருவிழாவில் பைக் நிறுத்துவதில் தகராறு. என் மகனும் பக்கத்துத் தெருப் பையனும் கைகலந்துவிட்டார்கள். மறுநாள் போலீஸ்காரர் வீட்டுக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிப் போனார். பிரிவு 35(3) என்று போட்டு, புதன்கிழமை காலை 10 மணிக்கு வரச் சொல்லியிருக்கிறது. "போனால் உள்ளே வைத்துவிடுவார்கள். முன்ஜாமீன் கிடைக்கும்வரை பையனைத் திருப்பூருக்கு அனுப்பிவிடு" என்கிறார் என் தம்பி. என்ன செய்ய? (பெயர் வேண்டாம், பண்ருட்டி)

அம்மா, பையனைத் திருப்பூர் பஸ்ஸில் ஏற்றிவிடாதீர்கள். உங்கள் தம்பி சொல்வதைக் கேட்டால்தான் அவன் உள்ளே போவான்.

உங்கள் மகன் மேல் போட்டதாகக் கடிதத்தில் நீங்கள் எழுதியிருக்கும் பிரிவுகளையும் பார்த்தேன்: புதிய தண்டனைச் சட்டத்தின் 296(b), 115(2), 351(2). கெட்ட வார்த்தை பேசினான், அடித்தான், மிரட்டினான். தெருச் சண்டை என்றால் எங்கள் ஊர் எஃப்.ஐ.ஆரில் இந்த மூன்றும் இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி சேர்ந்தே வரும். புதிய சட்டங்கள் வந்த 2024 ஜூலைக்கு முன் இதுவே 294(b), 323, 506(i). தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். மூன்றுமே ஜாமீனில் விட வேண்டிய குற்றங்கள். கைதே செய்தாலும் ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்கிற உரிமை அவனுக்கு உண்டு. அப்புறம், ஜாமீனில் விடக்கூடிய குற்றத்துக்கு முன்ஜாமீன் கிடையாது. அதற்கென்று யாராவது உங்களிடம் பணம் கேட்டால் வேறு வக்கீலைப் பாருங்கள்.

அந்தத் தாளின் பொருள் இதுதான்: "உன் மேல் வழக்கு இருக்கிறது, இப்போதைக்குக் கைது தேவையில்லை, கூப்பிடும்போது வந்து பதில் சொல்." பழைய சட்டத்தில் இது 41ஏ நோட்டீஸ். 2010 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இப்போது பி.என்.எஸ்.எஸ். என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 35-ல் இருக்கிறது. சொன்ன நாளில் போய், தாளில் உள்ள நிபந்தனைப்படி நடந்தால் கைது செய்யக் கூடாது. செய்தே ஆகவேண்டும் என்றால் அதிகாரி காரணத்தை எழுதி வைக்க வேண்டும். போகாமல் ஓடினால் அதுவே கைதுக்குக் காரணமாகிவிடும்.

புதன்கிழமை பத்து மணி என்றால் ஒன்பதே முக்காலுக்கே போய் நில்லுங்கள். ஆதார் நகல், நோட்டீஸ் நகல் கையில் இருக்கட்டும். அன்றைக்குப் பரீட்சை, காய்ச்சல் என்று ஏதாவது இருந்தால், முதல் நாளே எழுதிக் கொடுத்து வேறு தேதி கேளுங்கள். எழுதிக் கொடுத்த தாளின் நகலில் ஸ்டேஷன் முத்திரை வாங்க மறக்காதீர்கள். வாசலில் பாராவில் நிற்கிறவரிடம் வாயால் சொல்லிவிட்டு வந்தது எங்கள் பதிவேட்டில் ஏறாது.

இன்னொன்று. இது கோர்ட் சம்மன் இல்லை. விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை போன பிறகு மாஜிஸ்திரேட் கோர்ட்டிலிருந்து சம்மன் தனியாக வரும். ஸ்டேஷனுக்குப் போய்விட்டோமே என்று அதை மேசை டிராயரில் போட்டுவைத்தால், அடுத்து வருவது பிடிவாரண்ட்.

நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வந்தது. செல்லுமா? (ஒரு வாசகர், ஆம்பூர்)

செல்லாது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஹரியானா அரசு அதை மாற்றக் கேட்டும் ஜூலையில் மறுத்துவிட்டார்கள். கோர்ட் சம்மனை மின்னணு வழியில் அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கிறது, போலீஸ் நோட்டீஸ் கைக்குத்தான் வர வேண்டும். அதற்காகச் செய்தியை அழித்துவிடாதீர்கள். உண்மையான ஸ்டேஷனிலிருந்து வந்ததா என்று நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். வீடியோ காலில் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பவன் திருடன். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

எதிர்வீட்டுக்காரன் என் காம்பவுண்ட் சுவரை இடித்து, என்னையும் அடித்தான். அவனைக் கைது செய்யாமல் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தெருவில் மீசையை முறுக்கிக்கொண்டு நடக்கிறான். போலீஸ் காசு வாங்கிவிட்டதா? (ஒரு வாசகர், திண்டிவனம்)

வாங்கினார்களா என்று இங்கிருந்து எனக்கு எப்படித் தெரியும், ஐயா? ஆனால் கைது செய்யாததை வைத்து மட்டும் அப்படிச் சொல்ல முடியாது.

ஒரு உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த நிலையத்தில் வரதட்சணைக் கொடுமைப் புகார் வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்துத்தான் கைது செய்வோம். அடுத்த இரண்டு நாள் கோர்ட் இருக்காது, ஜாமீன் மனு நகராது. மாப்பிள்ளையோடு அவன் அம்மா, அக்கா எல்லோரும் திங்கள்வரை உள்ளே. நகை திரும்பி வந்துவிடும். அதை நியாயம் என்றே நம்பினோம். இன்ஸ்பெக்டரம்மா சொல்வார், நான் ரிமாண்ட் அறிக்கை எழுதுவேன். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு பெரியம்மா, சர்க்கரை மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தவர், ராத்திரி முழுக்க என் மேசைக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவர் மேல் குற்றப்பத்திரிகையே போகவில்லை. மகனோடு பட்டணத்தில் இருந்தவர், சம்பவத்தின்போது ஊரிலேயே இல்லை.

2014 ஜூலை 2-ல் அர்னேஷ் குமார் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதுவும் அப்படி ஒரு வரதட்சணை வழக்குதான். ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் தானாகக் கைது செய்யாதே, ஏன் கைது தேவை என்று பட்டியல் போட்டு எழுது, இல்லையென்றால் இரண்டு வாரத்துக்குள் நோட்டீஸ் கொடு, மீறினால் துறை நடவடிக்கையோடு நீதிமன்ற அவமதிப்பும் உண்டு என்றார்கள். ஸ்டேஷனில் ஒரே முணுமுணுப்பு. "பல்லைப் பிடுங்கிவிட்டார்களே" என்று நானும்தான் சொன்னேன். அந்தப் பெரியம்மா ஞாபகம் வந்ததெல்லாம் அப்புறம்தான்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்ற புகாரில்தான் அது தொடங்கியது. அவர்கள் மேல் போட்ட பிரிவுகளில் ஏழு வருடத்தைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. ஒரு தாளைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவன் மீசையை முறுக்கட்டும், அது குற்றமில்லை. ஆனால் நோட்டீஸ் வாங்கிய பிறகு உங்களையோ சாட்சிகளையோ மிரட்டினால், அன்றைக்கே தேதி, நேரம் போட்டு எழுதிக் கொடுத்து, புகார் வாங்கியதற்கு ஸ்டேஷன் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். சாட்சியைக் கலைப்பான், மறுபடி குற்றம் செய்வான் என்பது கைதுக்குச் சட்டமே ஒத்துக்கொள்ளும் காரணம். எஃப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதையும் 90 நாளுக்குள் உங்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

எனக்கு 67 வயது. "பெரியவரே, ஸ்டேஷன் பக்கம் வந்துட்டுப் போங்க" என்று போனில் கூப்பிடுகிறார்கள். தாள் எதுவும் வரவில்லை. போக வேண்டுமா? (ஒரு வாசகர், செய்யாறு)

ஐயா, இந்தத் தாளில்லாத அழைப்புதான் எனக்குப் பயம். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது, ஏட்டில் எதுவுமே இருக்காது. "எழுத்தில் கொடுங்கள், உடனே வருகிறேன்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நீங்கள் சாட்சி என்றால், அறுபதைத் தாண்டியவரை ஸ்டேஷனுக்கு வரவைக்கக் கூடாது, அவர்கள்தான் உங்கள் வீட்டுக்கு வர வேண்டும். உங்கள் மேலேயே வழக்கு என்றாலும், மூன்று வருடத்துக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றமானால் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியிடம் முன் அனுமதி வாங்காமல் உங்களைக் கைது செய்ய முடியாது.

போவதென்று முடிவு செய்தால் தனியாகப் போகாதீர்கள். கூப்பிட்ட நம்பரையும் நேரத்தையும் வீட்டில் எழுதிவைத்துவிட்டுக் கிளம்புங்கள். விசாரணையில் நீங்கள் சொல்வதை அவர்கள் எழுதிக்கொள்வார்கள், அதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போட வேண்டாம், சட்டமே வேண்டாம் என்கிறது. மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி இல்லாததால் படிக்காமலேயே கையெழுத்துப் போட்ட பெரியவர்களை என் மேசைக்கு முன்னால் நிறையப் பார்த்திருக்கிறேன்.